சேர்ந்து வாழ நிலம் வாங்கும் முன் பேசிவிட வேண்டியவை

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள். திருவண்ணாமலை பக்கம் சேர்ந்து நிலம் வாங்கி, பொதுச் சமையல், இயற்கை விவசாயம் என்று ஒரே குடியிருப்பாக வாழ நினைக்கிறோம். இப்படித் தொடங்கிய பல குழுக்கள் பாதியில் கலைந்துவிட்டன என்கிறார்கள். நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

நல்ல ஆசை. நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கொள்கையில் ஒத்துவராமல் கலைந்த குழுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிநேகிதம் நன்றாக இருக்கும்போது பேசக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்ட விஷயங்கள்தான் பின்னால் வந்து பிரிக்கின்றன. பத்திரம் யார் பேரில், விலகிப் போகிறவருக்கு எவ்வளவு, பாத்திரம் யார் தேய்ப்பது, ஆரம்பித்தவர் இல்லாமல் போனால் முடிவு யார் கையில். இதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்ட இடங்கள், நம்மைப் போன்ற சாதாரண ஆட்களை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் ஓடுகின்றன.

நான் சில வருடங்கள் ஒரு பண்ணைக் குழுவில் இருந்தேன். ஆறு குடும்பங்கள். பதிவு நாளன்று வர முடிந்த இரண்டு பேர் பேரில் கிரயம் ஆனது. நமக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு எல்லோர் பேச்சும். ஏழெட்டு வருடம் கழித்து ஒருவருக்கு மகள் கல்யாணம் வந்தது, பணம் தேவைப்பட்டது, தன் பாகத்தைக் கேட்டார். அதற்குள் பக்கத்தில் பைபாஸ் வந்து நிலத்தின் விலை எங்கேயோ போயிருந்தது. போட்ட பணத்தை வட்டியோடு தருகிறோம் என்றார்கள் மற்றவர்கள். இன்றைய விலைக்குத்தான் வேண்டும் என்றார் அவர். நடுவில் அவர் தன் கைக்காசில் கட்டிய வீடு வேறு. அதற்கு எப்படி விலை வைப்பது? அவர் கேட்டதும் நியாயம், இவர்கள் மறுத்ததும் நியாயம். கடைசியில் பாதி நிலத்தை விற்றுத்தான் கணக்கு தீர்க்க முடிந்தது. கிணறு விற்ற பாதியில் போய்விட்டது. தண்ணீர் இல்லாத மீதி நிலத்தில் அப்புறம் யார் இருப்பார்கள்?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ட்வின் ஓக்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1967-ல் தொடங்கியது. சுமார் நூறு பேர், இன்றும் வருமானத்தைப் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். அங்கே நிலத்தில் யாருக்கும் தனிப் பங்கு கிடையாது. சேரும் முன் உங்களிடம் இருந்த சேமிப்பு உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் அங்கே வாழும்வரை அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது. போகும்போது அது உங்களோடு போகும், நிலம் அங்கேயே இருக்கும். வருகிறவர்களும் போகிறவர்களுமாகத்தான் அந்த இடம் எப்போதும் இருந்திருக்கிறது. ஆள் போவதால் நிலம் உடைவதில்லை என்பதால் தாக்குப்பிடிக்கிறது.

நீங்களும் தனி நபர் பேரில் வாங்காமல், பதிவு செய்த சங்கம் அல்லது அறக்கட்டளை பேரில் வாங்கப் பாருங்கள். தமிழ்நாட்டில் சங்கம் பதிய ஏழு பேர் போதும். எதுவாக இருந்தாலும், விலகுபவருக்குத் தர வேண்டிய தொகையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் தருவது, ஒருவர் இறந்தால் அவர் வாரிசுக்கு என்ன உரிமை என்பதை விதிகளிலேயே எழுதிவிடுங்கள். ஒரு நல்ல வக்கீலை வைத்து எழுதுங்கள். கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினைக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள், வழக்கம் என்று ஒன்று இருக்கும். நண்பர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது, காகிதம்தான்.

அடுத்தது, ஆரம்பித்தவர் போன பிறகு என்ன என்பது. என் ஊர் ஆரோவில் பக்கம், அதனால் இதை எங்கள் வீட்டிலேயே பேசிக் கேட்டு வளர்ந்தேன். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு கலசத்தில் போட்டு ஆரோவில் தொடங்கியது. அது யாருக்கும் தனிச் சொந்தமில்லை, மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்று சாசனம் சொன்னது. நிலமோ ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி பேரில் இருந்தது. ஆரோவிலைத் தொடங்கிய அன்னை (மிர்ரா அல்பாசா) இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை, அவர் சொன்னால் முடிந்தது. 1973 நவம்பரில் அவர் மறைந்தார். நிர்வாகம் யாருடையது என்று சொசைட்டிக்கும் குடியிருப்பாளர்களில் பலருக்கும் சண்டை மூண்டு வருடக்கணக்கில் இழுத்தது. 1980-ல் மத்திய அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. அது செல்லும் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1988-ல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. சொத்து அறக்கட்டளைக்கு, ஆளுகைக் குழுவை நியமிப்பது அரசு, குடியிருப்பாளர்களுக்கு ஒரு பேரவை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஆரோவில் அன்றே துண்டாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குழுவுக்கும் பேரவைக்கும் நடுவில் கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்வி உள்ளேயே கிடந்தது. 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தில் இருந்த கிரவுன் ரோடு என்ற வட்டச் சாலையைப் போட ஜேசிபி வந்து மரங்களைத் தள்ளியபோது அது வெடித்து, வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போனது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த இடம் ஏன் கலையவில்லை? எங்கள் அம்மாவின் இளமைக் காலத்தில் அது செம்மண் பொட்டல். அங்கங்கே பனை, மழை பெய்தால் மண் கரைந்து கடல் வரை சிவப்பாக ஓடும். மண்கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தி, குழி வெட்டி, கன்று நட்டு, ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டி, இறந்த கன்றுக்குப் பதில் மறு கன்று நட்டுக் காடாக்கினார்கள். சண்டை நடந்த வருடங்களிலும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கருத்து வேறுபாடு எவ்வளவு இருந்தாலும் காலையில் போய்ச் செய்யப் பொதுவாக ஒரு வேலை இருப்பது மனிதர்களைப் பிடித்து வைக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குழிகளில் கணிசமானவற்றை வெட்டியவர்கள் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி மாதிரி சுற்று ஊர்களின் ஆட்கள், கூலிக்கு. நீங்கள் வாங்கப்போகும் நிலத்தைச் சுற்றியும் ஊர் இருக்கும். அவர்களைக் கூலியாட்களாக மட்டும் வைத்துக்கொண்டால் வேலிக்கு வெளியே மனக்கசப்பு வளரும். ஏரி முறைத் தண்ணீர், கோயில் திருவிழா, சாவு, கல்யாணம் எல்லாவற்றிலும் முதல் வருடத்திலிருந்தே கலந்துகொள்ளுங்கள்.

இப்போது சமையலறை. பொதுச் சமையல் என்று எழுதியிருக்கிறீர்கள், யார் சமைப்பது என்று எழுதவில்லை. நான் இருந்த குழுவில் ஆண்கள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தற்சார்பைப் பற்றி அருமையாகப் பேசுவார்கள். பின்கட்டில் முப்பது தட்டும் அடிப்பிடித்த குழம்புச் சட்டியும் மூன்று பெண்களுக்குக் காத்திருக்கும். மகள் கல்யாணத்துக்கு வெகு முன்னாலேயே அந்த மூன்று பேருக்கும் மனம் விட்டுப்போயிருந்தது. ட்வின் ஓக்ஸில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். விற்பனைக்கு டோஃபு (சோயா பனீர்) செய்தாலும், கணக்கு எழுதினாலும், மாடு பார்த்தாலும், சமைத்தாலும், குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். வாரா வாரம் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். சிநேகிதர்களுக்குள் மணிக்கணக்கு பார்ப்பதா என்று முதலில் தோன்றும். பார்க்காவிட்டால் கணக்கு யாரோ ஒருவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அது ஆபத்து.

சமையலறையில் நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகக் குருகுலம் நடத்தினார். பெரிய மனிதர், பெரிய கனவு, காங்கிரஸ் நிதியும் கிடைத்தது. பிராமணப் பிள்ளைகளில் சிலருக்குத் தனிப் பந்தி என்பது வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள், தமிழ்நாட்டு அரசியலே அதில் இரண்டுபட்டது. 1925-ல் ஐயர் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். குருகுலமும் நிலைக்கவில்லை. உங்கள் பன்னிரண்டு பேருக்குள் சாதி பார்ப்பதில்லை என்று நம்புகிறேன். ஆனால் ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் பார்ப்பார்கள். கறி சமைக்கலாமா, எந்தப் பாத்திரத்தில், சமைப்பவர் யார் என்ற கேள்விகள் அன்றைக்கு வரும். எல்லோருக்கும் ஒரே பந்தி என்பதை மட்டும் யாருக்காகவும் மாற்ற முடியாத விதியாக வையுங்கள்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹட்டரைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பொதுச்சொத்தாக வாழ்கிறார்கள், அவர்களின் வேர் 16-ம் நூற்றாண்டில் இருக்கிறது. ஒரு காலனி 120, 150 பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரிப்பார்கள். பல வருடம் முன்பே பணம் சேர்த்து, நிலம் வாங்கி, வீடு கட்டி, ஆட்களை வயது, தொழில் எல்லாம் சரிபார்த்து இரண்டு பட்டியலாக்குவார்கள். எந்தப் பட்டியல் போவது என்று சீட்டுப் போடுவார்கள். சில காலனிகளில் சீட்டு விழும்வரை தெரியாது என்பதால் எல்லாக் குடும்பமும் மூட்டை கட்டித் தயாராக இருக்குமாம். பிரிவதைக் கூடத் திட்டமிட்டுச் செய்கிறார்கள். இதற்கு நேர்மாறு பிரிட்டிஷ் ஆலை அதிபரும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவனின் நியூ ஹார்மனி. 1825-ல் இண்டியானாவில் ஒரு முழு ஊரையே வாங்கி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தார். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள், தொழில் தெரிந்த கை குறைவு. 1827-க்குள் முடிந்தது. புதியவர் யாராவது சேர விரும்பினால் குறைந்தது ஆறு மாதம் கூட இருந்து வேலை செய்யட்டும், அப்புறம் முடிவெடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கொள்கையைத் திணிக்காதீர்கள். இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் தூங்காமல் தனி இல்லத்தில் தூங்கி வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்த பெண்களே தாயானபோது, என் பிள்ளை என்னோடு தூங்கட்டும் என்றார்கள். 1990-களுக்குள் அந்த வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பள்ளி, ட்யூஷன், கல்லூரிக் கட்டணம் பொதுக் காசிலா சொந்தக் காசிலா என்பதை மட்டும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பெரிய வீடு ஒன்றை, முடிந்தால் கொஞ்சம் தோட்டத்தோடு, வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் சேர்ந்து இருங்கள். ஆளுக்கு ஒரு தொகை பொதுக் கணக்கில் போடுங்கள், வேலை நேரத்தை எழுதுங்கள், விலகல் விதியையும் எழுதுங்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராவது வருடத்துக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். அவருக்கு எழுதிய விதிப்படி பணத்தை எண்ணிக் கொடுத்துப் பாருங்கள். அது சண்டை இல்லாமல் நடந்து, அடுத்த பொங்கலுக்கு அவரும் குடும்பத்தோடு வந்து உங்களோடு சாப்பிட்டால், அப்புறம் நிலம் பார்க்கக் கிளம்பலாம்.