மருந்துதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஆராய்ச்சி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்றில் பரவும் நுரையீரல் நோய்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இந்த நோய்களுக்கான ஆராய்ச்சியை ஏழை நாடுகள் தங்கள் மண்ணிலேயே செய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசநோய்க்கு மருந்து இருக்கிறது. நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் இருக்கிறது. தடுப்பூசிகளும் வந்துவிட்டன. கண்டுபிடிக்க வேண்டியதைப் பணக்கார நாடுகள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டன. நம்மிடம் இல்லாதது பணமும் நிர்வாகமும்தான். மாத்திரையே இல்லாத மருத்துவமனைக்கு ஆராய்ச்சி ஆடம்பரம் இல்லையா?

இன்னொன்று. ஏழை நாடுகளில் நடக்கும் ஆய்வுகளைப் பார்த்தால், நம் மக்களைச் சோதனை எலிகளாக்கி யாரோ பெயர் வாங்குவது போலத்தான் தோன்றுகிறது.

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. இந்த ஆண்டு நானே ஓர் ஆய்வுத் தலைப்பு எடுத்தாக வேண்டும். உருப்படியாக எதைப் பார்க்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிமோனியாவால் இறக்கிறார்கள். 2023-ல் காசநோயால் 12.5 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இவர்களில் மிகப் பலரைக் காப்பாற்றப் புது மருந்து வேண்டியதில்லை, இருக்கும் மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலே போதும். மாத்திரை வாங்காத அரசு ஆராய்ச்சியைக் காட்டித் தப்பிக்க முடியாது. இதுவரை உங்களோடு வருகிறேன்.

'மருந்து இருக்கிறது, இனி விநியோகம்தான் பாக்கி' என்கிறீர்களே, அங்கேதான் பிரிகிறேன். யாருக்கு, எங்கே வைத்து, யார் கையால், எத்தனை மாதம் என்பதெல்லாம் நிர்வாகக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் செய்து பார்க்காமல் அவற்றில் பலவற்றுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ். என்ற மருந்துகள் 1940-களிலேயே வந்துவிட்டன. 1952-ல் ஐசோனியசிட்டும் வந்தது. உங்கள் கணக்குப்படி ஆராய்ச்சி அந்த ஆண்டோடு முடிந்திருக்க வேண்டும். அன்றைய மருத்துவப் பாடமோ, நோயாளியைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்து மாதக்கணக்கில் படுக்க வைக்கச் சொன்னது. ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, கூடவே மருந்து. ஐரோப்பாவில் அதற்குக் கட்டில்கள் இருந்தன. இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்களில் மிகச் சிறு பங்கினருக்குத்தான் கட்டில் இருந்தது. மற்றவர்களை என்ன செய்வது? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா? குணமாவதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால்?

இதற்குப் பதில் தேடத்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானட்டோரியத்தில் சேர்த்தார்கள், மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டுக்குப் போனவர்களுக்கு நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கிடையாது. பாடப்புத்தகத்தின்படி பார்த்தால் அவர்கள் தேறியிருக்கவே கூடாது.

ஓராண்டு முடிவில் சானட்டோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான். குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள் கூடுதலாக இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து தொடங்கியபின் பரவல் சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

1959-ல் இந்த முடிவு வெளியானது. அதற்குப் பின் பணக்கார நாடுகளிலும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டில் இல்லாத நாடு தன் பிழைப்புக்காகக் கேட்ட கேள்வி, கட்டில் இருந்த நாட்டுக்கும் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அறிவு எப்போதும் மேற்கிலிருந்துதான் இறக்குமதியாகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

வீட்டில் மருந்து என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா? இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டால் மாத்திரை அலமாரியில் தூங்கும். மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி வந்து, அதில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். வாரம் இரண்டு முறை மட்டும், ஊழியர் கண்முன்னால் மருந்து கொடுத்தால் போதுமா என்றும் பார்த்தார்கள். 1964-ல் அது பலன் தருவதாகத் தெரிந்தது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு வேர் இங்கேயும் இருக்கிறது. (நோயாளியை நம்பாமல் தினமும் வரவழைத்து விழுங்க வைப்பது எனக்கு உவப்பானதல்ல. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

சென்னை ஆய்விலேயே எனக்குச் சுவாரசியமான பகுதி சாப்பாடு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், எடையும் குறைவாகத்தான் ஏறியது, ஆனாலும் குணமானார்கள். மருந்து சரியாக இருந்தால் உணவு பெரிய தடையில்லை என்று 1960-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் காலப்போக்கில் 'டிபிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை' என்ற அளவுக்கு அது நீட்டப்பட்டுவிட்டது. நோயாளியோடு பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரும் என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

அதைக் கேட்க அறுபது ஆண்டுகள் ஆயின. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் 10,345 குடும்ப உறுப்பினர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருட்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசி போல வேலை செய்திருக்கின்றன. வீட்டில் பசி இல்லாத நாட்டில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் அங்கே ஆய்வு செய்ய முடியாது.

நிமோனியாவிலும் இப்படித்தான். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் எப்படிப் பிரிப்பது? பப்புவா நியூ கினியில் வேலை பார்த்த ஃபிராங்க் ஷான் போன்ற மருத்துவர்கள், ஸ்டெதஸ்கோப்பை விட மூச்சை எண்ணுவதும் நெஞ்சு உள்வாங்குகிறதா என்று பார்ப்பதும் நம்பகமானவை என்று காட்டினார்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 40 என்ற எல்லைகள் அப்படி வந்தவை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் என்ற மருத்துவத் தம்பதி இருவரும் இதை இன்னும் கீழே கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவச்சிகள் பலருக்குப் பெரிய எண்கள் எண்ணத் தெரியாது. அதனால் ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகள் கோத்த சட்டமும் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் கடைசியில் இருக்கும் சிவப்பு மணி வந்துவிட்டால் நிமோனியா, மருந்து கொடு. கிராம ஊழியர்களும் மருத்துவச்சிகளும் சிகிச்சை கொடுத்த ஊர்களில், குழந்தைகள் நிமோனியாவால் இறப்பது மற்ற ஊர்களை விடப் பாதிக்கும் கீழே இருந்தது. இது 1990-ல் வெளியான முடிவு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'சரி, ஓர் ஏழை நாட்டில் செய்தால் போதுமே, எல்லா இடத்திலும் எதற்கு' என்று கேட்பீர்கள். அதற்குத்தான் டாக்காவின் கதை.

கடும் நிமோனியாவில் குழந்தையின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவை மூடாமல் இருக்கக் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்று போக வேண்டும். வென்டிலேட்டர் வாங்க முடியாது. டாக்காவில் முகம்மது ஜோபாயர் சிஸ்தி என்ற மருத்துவர் குழுவினர், குழந்தை மூச்சுவிடும் குழாயின் மறுமுனையைத் தண்ணீர் நிறைத்த ஷாம்பு பாட்டிலுக்குள் மூழ்க வைத்தார்கள். எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம். தண்ணீரில் குமிழி வந்தால் கருவி வேலை செய்கிறது என்று பொருள். 2015-ல் வெளியான ஆய்வில், வழக்கமான ஆக்ஸிஜன் கொடுத்த குழந்தைகளில் 15 சதவீதம் இறந்தன, குமிழி முறையில் 4 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவு மலிவு, இவ்வளவு பலன் என்றால், உடனே எல்லா ஊருக்கும் அனுப்பிவிடலாம் என்றுதானே தோன்றும்? ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் குமிழி முறையைச் சோதித்தார்கள். தினமும் மருத்துவர் வந்து பார்க்கும் வசதி அங்கே இல்லை. குழந்தைகள் எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, அல்லது ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவோடு வந்தவர்கள். 2019-ல் முடிவு வந்தது. குமிழி முறையில் 17 சதவீதம் இறந்தன, சாதாரண ஆக்ஸிஜனில் 11 சதவீதம். ஓரிடத்தில் உயிர் காத்த முறை இன்னோரிடத்தில் கூடுதலாகக் குழந்தைகளைக் கொன்றது. டாக்கா மருத்துவமனையில் எந்நேரமும் கவனிக்க ஆள் இருந்தார்கள். பாட்டிலைக் கொண்டுபோவது சுலபம், அந்த ஆட்களைக் கொண்டுபோவது எப்படி? இந்தச் சோதனை நடக்காமல் நேரடியாக 'விநியோகம்' நடந்திருந்தால், அந்தக் குழந்தைகள் இறப்பது யாருக்கும் தெரிந்தே இருக்காது. கணக்கில் எல்லாம் நிமோனியா சாவு என்று போயிருக்கும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியும் அப்படித்தான். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பாதுகாப்புத் தந்தது. 1968-ல் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிசுக்களுக்கு வரும் மூளைக் காசநோயைத் தடுப்பதால் இன்றும் போடுகிறோம்.

இனி உங்கள் சோதனை எலிக் குற்றச்சாட்டு. இதை மழுப்ப விரும்பவில்லை, ஏனென்றால் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி 2000-ல் அமெரிக்காவில் வந்தது. அதில் ஏழு வகைக் கிருமிகளுக்குத்தான் பாதுகாப்பு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அதிகம் தாக்கும் 1, 5 ஆகிய வகைகள் அதில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இந்த இரண்டையும் சேர்த்த ஒன்பது வகைத் தடுப்பூசியை 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2005-ல் வந்த முடிவு பிரமாதம், எல்லாக் காரணங்களாலும் நேரும் குழந்தை இறப்பே 16 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அந்த ஒன்பது வகை ஊசி சந்தைக்கே வரவில்லை. காம்பியாவின் பொதுத் திட்டத்தில் நிமோகாக்கல் ஊசி சேர்ந்தது 2009-ல், அதுவும் பழைய ஏழு வகைதான். இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல்தான் நாடு முழுக்க வந்தது.

இங்கே தவறு ஆய்வு செய்ததில் இல்லை. அந்த ஆய்வு இல்லாவிட்டால் ஏழை நாடுகளுக்கு இந்த ஊசி தேவை என்று வாதாட இவ்வளவு வலுவான ஆதாரம் இருந்திருக்காது. பங்கெடுத்த ஊருக்கு ஊசி எப்போது வரும், யார் பணம் கொடுப்பார்கள் என்பதை முதல் குழந்தைக்கு ஊசி போடும் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஓர் ஆய்வை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். கேள்வி அந்த ஊருடையதா, முடிவு வந்தபின் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது? சென்னை ஆய்வு இதில் தேறும். காம்பியா பாதிதான் தேறும். நீங்கள் சொல்லும் எலி வகை ஆய்வுகளும் உண்டு, அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன்.

உங்கள் ஆய்வுத் தலைப்புக்கு வருகிறேன். காசநோய்ச் சிகிச்சையில் இருக்கும்போது இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். மருந்து தொடங்கியாயிற்று, ஆனாலும் இறக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற பெயரில், நோய் உறுதியான உடனேயே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லாமே எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருந்தால் முடிகிற வேலை.

நீங்கள் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள காசநோய் மையத்தின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். இறந்தவர்களில் எத்தனை பேர் முதல் இரண்டு மாதத்தில் போனார்கள், அவர்களுக்கு எடை எழுதப்பட்டிருக்கிறதா, மூச்சு எண்ணப்பட்டிருக்கிறதா, ஆபத்து என்று தெரிந்தும் சேர்க்கப்படாதவர்கள் எதனால் சேரவில்லை? கட்டில் இல்லையா, கூலி போய்விடும் என்று வீட்டுக்குப் போனார்களா? கடைசிக் கேள்விக்குப் பதிவேடு உதவாது, குடும்பத்தாரைப் பார்த்துப் பேச வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கு நாளாகும்.