உப்பு பிரிவதும் மனம் விலகுவதும்

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் அம்மாவுக்கு வயது 46. கஜா புயலன்று சுவர் இடிந்து இரவெல்லாம் மழையில் நின்றவர், இப்போதும் காற்று பலமாக அடித்தால் அப்படியே நின்றுவிடுகிறார். கூப்பிட்டாலும் பதில் இல்லை. பிறகு, 'நான் இங்கேயே இல்லாத மாதிரி இருந்துச்சு' என்கிறார். மருத்துவர் 'டிசோசியேஷன்' என்று எழுதியிருக்கிறார். என் பிளஸ் டூ வேதியியலில் அதற்குப் பிரிகை என்று பொருள். அம்மாவின் மனம் பிரிந்துவிட்டதா?

பதில்: இல்லை. ஒரே சொல் இரு துறைகளில் வழங்குவதால் வந்த அச்சம் இது. உப்பு போன்ற மின்பகுளிகள் கரைசலில் அயனிகளாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகின்றன என்ற கொள்கைக்காக ஸ்வீடன் அறிஞர் அர்ரீனியஸ் 1903இல் நோபல் பரிசு பெற்றார். உப்புநீரில் தனித்தனியே திரியும் சோடியம், குளோரைடு அயனிகள், அம்மா வேலை செய்யும் பாத்தியில் வெயிலேறி நீர் வற்றியதும் மறுபடி சேர்ந்து படிகமாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மனத்தில் அப்படிப் பிரிந்து போகும் பொருள் எதுவும் கிடையாது. நினைவு, உணர்ச்சி, உடலுணர்வு, 'நான்' என்ற எண்ணம் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து இயங்குவதே இயல்பு. தாங்க முடியாத அச்சத்தில் அந்தப் பிணைப்பு சிறிது நேரம் தளர்ந்துவிடுவதையே, பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஜானே 1889இல் விரிவாக எழுதிய காலம் தொட்டு, மருத்துவம் இந்தப் பெயரால் குறித்துவருகிறது. தமிழில் இதை 'விலகல்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. பேருந்தில் ஏதோ நினைப்பில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிறோமே, அதுவும் இதன் மிக மெல்லிய வடிவந்தான். மனச்சிதைவு நோய் முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆயினும் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வலிப்பு நோயின் சில வகைகளிலும் ஆள் விழாமல், கை கால் உதறாமல், வெறித்த பார்வையோடு சில நிமிடங்கள் நின்றுவிடுவது உண்டு. எனவே அடுத்த முறை அவ்வாறு நேரும்போது கைப்பேசியில் படம் பிடித்து, எவ்வளவு நேரம் நீடித்தது, உதட்டைச் சப்பினாரா, துணியைப் பிசைந்தாரா என்பதையும் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை எடுக்கச் சொல்வார்.

அந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடிப்பதும், கையில் இரும்பைத் திணிப்பதும், காற்று கருப்பு என்று பேசுவதும் வேண்டாம். பக்கத்தில் நின்று, 'அம்மா, நம்ம வீட்டுலதான் இருக்கீங்க, தரையில காலை ஊன்றிப் பாருங்க' என்று நிதானமாகச் சொல்லுங்கள். விலகலை மட்டும் குணப்படுத்தும் தனி மாத்திரை இல்லை. புயலின் அச்சத்தைப் படிப்படியாகப் பேசித் தணிக்கும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் அழைத்துச் செல்வது நல்லது.