கல்வெட்டில வேலைக் கதை எழுதலாமோ?

கேள்வி: அக்கா, நான் முந்தி ஒரு அச்சகத்தில புரூஃப் பாத்தனான். எனக்கு வேலை பழக்கின அண்ணை போன கிழமை மோசம் போயிட்டார். காடாத்து முடிஞ்ச கையோட மகள் என்னைப் பிடிச்சு, முப்பத்தொண்டுக்குக் குடுக்கிற கல்வெட்டுக்கு, அதுதான் அந்த நினைவு மலருக்கு, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ எண்டு கேட்டுப்போட்டா. "பண்பாளர், பாசமிக்கவர்" எண்டு தொடங்கிறன், வெட்டுறன், திரும்பத் தொடங்கிறன். அவர் என்னைப் பேசாத நாளில்ல, அதையும் எழுதலாமோ? வேலைய விட்டாப் பிறகு ரெண்டு வருசமா அவரை நான் போய்ப் பாக்கவும் இல்ல.
- வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, "பண்பாளர்" எண்டதை வெட்டினீங்கள் பாருங்கோ, அது அவர் பழக்கின கைதான், அப்பிடியே வெட்டுப்பட்டுக் கிடக்கட்டும்.

எங்கட கல்வெட்டுகளை எடுத்துப் பாத்தா செத்த திதியைச் சொல்லுற திதி வெண்பா இருக்கும், தேவாரம் இருக்கும், ஆர் ஆருக்குப் பிள்ளை, எந்த ஊரில கலியாணம், பேரப்பிள்ளையள் எந்த நாட்டில எண்டு வம்சாவளி முழுக்க நிக்கும், ஆனா மனுசன் வாழ்நாளெல்லாம் நிண்டு செய்த வேலைக்கு "அச்சகம் ஒன்றில் கடமையாற்றினார்" எண்டு ஒரேயொரு வரி. அந்த வரிக்குள்ள இருக்கிறதைத்தான் மகள் உங்களிட்டக் கேக்கிறா, வீட்டு ஆக்களுக்கு அது தெரியாது. அதால பேசினதை எழுதுங்கோ, எந்தப் பிழைக்குப் பேசினவர் எண்டதோட சேத்து எழுதுங்கோ.

எனக்கும் ஒரு ஆள் வாய்ச்சவர். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, கரண்டும் இல்ல, பேப்பர் அடிக்கக் கடதாசி இல்லாம கோடு போட்ட கொப்பித் தாளில அடிச்ச காலம், மண்ணெண்ணெய் விளக்கில ரவுக்கும் அரவுக்கும் (கா, மாவில வாற கால்) வித்தியாசம் பாத்துப் பாத்தே மனுசனுக்குக் கண் போச்சு. மரண அறிவித்தலை மட்டும் வேற ஆரிட்டயும் விடமாட்டார், ஒராளை உரத்து வாசிக்கச் சொல்லிப்போட்டு, வரிக்குக் கீழ அடிமட்டத்தை வைச்சுத் தான் பாப்பார். நாளைக்குத் திருத்தம் போடலாம் பிள்ளை, ஆனா அந்த வீட்டில வெட்டி வைக்கிறது இண்டைக்கு வாற பேப்பரைத்தான் எண்டுவார். ஒருக்கா நான் ஒரு மருமகன்ர பேரை விட்டிட்டன். அண்டைக்குப் பேசவே இல்ல, சைக்கிள் கரியர்ல ஏத்திக்கொண்டு போய் அந்தச் செத்தவீட்டுப் படலையில இறக்கிவிட்டிட்டு, "போய்ச் சொல்லு" எண்டார். பேச்சு வாங்கியிருந்தா நான் எப்பவோ மறந்திருப்பன்.

உங்கட அண்ணையிட்டயும் இப்பிடி ஒண்டு இருக்கும். ஒண்டு காணும், பத்துத் தேவையில்ல.

போய்ப் பாக்காததைக் கல்வெட்டில எழுதாதேங்கோ. அது உங்கட பாரம், அவற்ற பக்கத்தில அதுக்கு இடமில்ல. அவற்ற மனுசியிட்ட நேர போய்ச் சொல்லுங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.

அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தொண்டுக்கு, நாள் கனக்க இல்ல, அச்சகத்துக்கும் ஒரு கிழமை விடவேணும், அதால இந்தக் கிழமையே எழுதி முடியுங்கோ. பிறகு நூலகம் இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி சேரப் பாருங்கோ, அவை 2005இல இருந்து எங்கட ஆவணங்களைச் சேக்கினம், நினைவு மலருகளும் அதில கிடக்கு. மற்றது, உங்கட பக்கத்தோட நிக்காம, கல்வெட்டு முழுக்க நான் புரூஃப் பாத்துத் தாறன் எண்டு மகளிட்டக் கேளுங்கோ. வம்சாவளியை ரெண்டு தரம் பாருங்கோ, மருமக்கள்ர பேர்தான் விடுபடுறது.