கொம்பியூட்டர் கேள்வி பதில்: மதர்போட் போயிட்டுது எண்டு கடையில சொல்றாங்க

கேள்வி: அண்ணா, எங்கட வீட்ட ஒரு பிராண்ட் டெஸ்க்டொப் இரிக்கு, ஐ3, 6ஆம் தலைமுறை. மலிவா வந்ததெண்டு வாங்கினது. போன கிழமை மழைக்குள்ள கரண்ட் போய்ப் போய் வந்துது, அதுக்குப் பிறகு பட்டனை அமத்தினா ஃபேன் ஒருக்கா சுத்திப்போட்டு நிண்டிருது. கடையில மதர்போட் போயிட்டு, வேற போட் போடலாம், 22,000 ரூபா எண்டாங்க. மகள் ஏஎல்லுக்கு ஐசிடி படிக்கிறா, அவட நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். போட்டை மாத்தலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: தங்கச்சி, காசை எடுக்காதீங்க, முதல்ல செத்தது போட்தானா எண்டு பாப்பம். ஃபேன் சுத்தி நிக்கிறது போட்டாலயும் வரும், பவர் சப்ளையாலயும் வரும், எங்கயாவது ஒரு ஷோட் இருந்தாலும் வரும். கல்லடி எண்டபடியால இன்னொண்டும் சொல்லணும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, உப்புக்காத்து பெட்டிக்குள்ளயும் போகும். உங்கட பக்கத்து வீடொண்டில இருந்து வந்த பெட்டிய திறந்து பாத்தன், முன்னால இருக்கிற யூஎஸ்பி ஓட்டைக்குள்ள செம்பு பச்சையா பூத்து ரெண்டு பின்னும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்துது. அந்த யூஎஸ்பி வயரை போட்டில இருந்து கழட்டினன், அவ்வளவுதான், ஓன் ஆயிட்டுது. அந்த வீட்டுக்காரருக்கும் "போட் அவுட்" எண்டுதான் ஒருத்தர் சொல்லி அனுப்பி இருந்தவர்.

அதால சுவரில இருந்து பிளக்கைக் கழட்டிப்போட்டு பவர் பட்டனை அரை நிமிசம் அமத்திப் பிடிங்க, பிறகு யூஎஸ்பி சாமான், ஹார்ட் டிஸ்க், முன்பக்க யூஎஸ்பி வயர் எல்லாத்தையும் எடுத்து ராம் ஒரு துண்டை மட்டும் விட்டுப் போட்டுப் பாருங்க, ராமின்ட தங்கக் கரையை ரப்பரால மெதுவாத் தேய்ச்சிட்டுப் போடுங்க, போட்டில இருக்கிற காசு மாதிரி வட்டமான சிஆர்2032 பற்றரி பழசெண்டா அதையும் மாத்துங்க. அதுக்கும் சரிவராட்டி அதே மாதிரிப் பெட்டி ஒண்டின்ட பவர் சப்ளையை கடைக்காரரை மாட்டிக் காட்டச் சொல்லுங்க. அதிலயும் ஃபேன் சுத்தி நிண்டா, அப்பதான் போட்டில சந்தேகப்படணும். பவர் சப்ளைப் பெட்டிய மட்டும் வீட்ட திறக்கவே வேணாம், பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ள கரண்ட் நிக்கும்.

இனி போட்தான் எண்டு வைப்பம். "வேற போட் போடலாம்" எண்டதுலதான் எனக்குப் பயம். சாதாரணப் பெட்டியில போட்டுக்குப் போற பெரிய பிளக் 24 பின். டெல், ஹெச்பி, லெனோவோ பெட்டிகள் கனக்கில அது 24 இல்ல, 6, 8, 10, 14 எண்டு அவங்கட பாட்டுக்கு இரிக்கும். பின்பக்கத் தகடு பெட்டியோடயே சேந்திருந்தா புதுப் போட்டின்ட ஓட்டைகள் அதுக்குள்ள பொருந்தாது. பவர் பட்டன் வயரும் ஒரே பிளக்கா அவங்கட முறையில வரும். ஆக, 22,000க்குப் போட்டை வாங்கினதுக்குப் பிறகு பவர் சப்ளையும் வேணும், பெட்டியும் வேணும் எண்டு அடுத்தடுத்து கேப்பாங்க, உங்களிட்ட மிஞ்சிறது ப்ரொசசரும் ராமும்தான்.

அந்த ப்ரொசசரும் எல்லாப் போட்டிலயும் ஓடாது. 6ஆம், 7ஆம் தலைமுறையும் 8ஆம், 9ஆம் தலைமுறையும் பாக்க ஒரே எல்ஜிஏ1151 சொக்கட்தான் (ப்ரொசசர் போட்டில உக்காருற இடம்), ஆனா ஒண்டின்ட போட்டில மற்றது வேலை செய்யாது. ராம் டிடிஆர் 3ஆ 4ஆ எண்டும் பாக்கணும், ரெண்டுக்கும் வெட்டு வேற வேற இடத்தில.

எனக்கெண்டா செய்ற வேலை ஒண்டுதான்: பழைய போட்டைக் கழட்டி அதில ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரைப் பாருங்க. லெனோவோவில எஃப்ஆர்யூ, டெல்லில டிபி/என், ஹெச்பியில எஸ்பிஎஸ் எண்டு போட்டு ஒரு நம்பர் இரிக்கும். அதே நம்பர் போட் செக்கண்ட் ஹேண்டில கிடைச்சா வாங்குங்க, வேற வேணாம். ஒபிஸ்ல இருந்து வந்த போட்டில பயோஸ் (விண்டோஸுக்கு முதல் ஓடுற போட்டின்ட செட்டிங்) பாஸ்வேர்ட் கிடக்கும், அதால கடையிலயே உங்கட ப்ரொசசரைப் போட்டு ஓன் பண்ணி பயோசுக்குள்ள போய்ப் பாருங்க, எல்லா யூஎஸ்பியும் நெட்வேர்க் வயர் குத்திற லான் ஓட்டையும் வேலை செய்யுதா எண்டு பாத்து வொரன்டியை பில்லில எழுத வைங்க. சொக்கட்டுக்குள்ள இருக்கிற ஊசிகள் தலைமுடி மாதிரி, விரல் பட்டாலே வளையும், பூட்டிற ஆளை ஆறுதலா பூட்டச் சொல்லுங்க. கழட்ட முதல் வயர் எல்லாத்தையும் ஃபோனில ஒரு ஃபோட்டோ.

அதே நம்பர் கிடைக்காட்டி, தங்கச்சி, விட்டிருங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் குடுத்த சப்போட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிட்டு, விண்டோஸ் 11 முறைப்படி 8ஆம் தலைமுறையில இருந்துதான். அந்த 22,000ஐ 8ஆம் தலைமுறைப் பெட்டி ஒண்டுக்கு முற்பணமா வைங்க. மகளின்ட நோட்ஸைப் பத்திப் பயப்படாதீங்க, போட் செத்தா டிஸ்க் சாகாது, கழட்டி யூஎஸ்பி கேஸ் ஒண்டுக்குள்ள போட்டா அதிகமா மற்றக் கொம்பியூட்டர்ல திறக்கும்.

கேள்வி: தம்பி, நான் அக்கரைப்பற்றில கடை வச்சிரிக்கன். போட் மாத்தினபிறகு விண்டோஸ் 11 ஏதோ நீல ஸ்க்ரீன்ல ரிகவரி கீ கேக்குது. பில் கணக்கு முழுக்க அதுக்குள்ள. (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: நானா, அது பிட்லொக்கர், மற்றாக்கள் திறக்காம இருக்க விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு. டிஸ்க்கைப் பூட்டின சாவி பழைய போட்டில இருக்கிற டிபிஎம் சிப்புக்குள்ள போயிட்டு, அதால புதுப் போட்டை ஆள் தெரியாத மாதிரிப் பாக்குது. பிழையான இலக்கத்தை மாத்தி மாத்தி அடிக்காதீங்க, ஃபோர்மட் பண்ணவும் விடாதீங்க, பண்ணினா கணக்கு போயிட்டுதுதான். அந்தக் கொம்பியூட்டர்ல பாவிச்ச மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டுக்கு ஃபோனில இருந்து போங்க, அங்க சேவ் ஆகியிருந்தா 48 இலக்கத்தில சாவி இரிக்கும், ஸ்க்ரீன்ல காட்டிற கீ ஐடியோட ஒத்துப் பாத்து அடிங்க. திறந்ததும் முதல் வேலையா கணக்கை ஒரு பென்ட்ரைவ்ல எடுத்திட்டு, விண்டோஸ் அக்டிவேஷன் கேட்டா அதே அக்கவுண்டால செய்து பாருங்க, அந்த 48 இலக்கத்தை பில் புத்தகத்தின்ட கடைசிப் பக்கத்தில எழுதி வைங்க.