விடியற்காலையில் வாய் பிளக்கும் மீன்கள்

கோடை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: தொட்டி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, என்ன செய்வது? காரணம்தான் வீட்டுக்கு வீடு வேறு.

இரண்டடித் தொட்டி, நிறைய செடிகள். விடியற்காலை ஐந்தரைக்குப் பார்த்தால் கப்பிகளும் டெட்ராக்களும் நீர்மட்டத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. விளக்குப் போட்டு ஒரு மணி நேரத்தில் கீழே போய்விடுகின்றன. செடிகள் ஆக்சிஜன் தருபவை அல்லவா?
– வாசகி, திருச்சி

தரும், வெளிச்சம் இருக்கும்வரை. விளக்கை அணைத்ததும் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜன் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. அடிமண்ணிலும் ஃபில்டரிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இலை போட்டுக் காத்திருக்கின்றன. இரவு முழுவதும் செலவு, வரவு மிகக் கொஞ்சம். அதனால்தான் விடிவதற்குச் சற்று முன்னால் கையிருப்பு அடிமட்டத்தைத் தொடுகிறது.

இதில் திருச்சி வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும், 35-இல் 7-க்கும் சற்றுக் கீழே. இவை உச்ச அளவுகள். மீன் நெரிசலான தொட்டி அந்த உச்சத்தை எட்டுவதே இல்லை. மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுத் தேவை கூடுகிறது. 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்கள் நிம்மதியாக இருக்கும். 3-க்குக் கீழே இறங்கினால் நீங்கள் பார்க்கும் காட்சிதான்.

செடிகளைப் பிடுங்க வேண்டாம். விளக்கு அணையும் நேரத்தில் ஏர் பம்ப் ஓடத் தொடங்கி, காலையில் நிற்கும்படி ஒரு டைமர் வையுங்கள். செடிகளுக்காக கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் விளக்கோடு அதுவும் நிற்க வேண்டும். படுக்கப் போகும் முன் ஒரு பிடி தீனி போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மிச்சத் தீனி அழுகுவதற்கும் ஆக்சிஜன்தான் செலவாகிறது.

இன்னொன்று. தொட்டியின் ஓரத்தில் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். ரசத்தில் நெய் மிதப்பதுபோல மினுமினுக்கும் படலம் தெரிகிறதா? காற்று நீருக்குள் இறங்கும் வாசலே அந்த மேற்பரப்புதான். படலம் அதை அடைத்துவிடுகிறது. ஒரு டிஷ்யூ தாளை மேலே விரித்து, மெல்ல இழுத்து எடுத்துவிடுங்கள். ஃபில்டரின் வாயை மேற்பரப்பு சலசலக்கும்படி உயர்த்திவையுங்கள். பலரும் குமிழியைப் பார்த்து மயங்குகிறார்கள். குமிழிக்குள் இருக்கும் காற்றிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அடித்தண்ணீரை மேலே இழுத்து வந்து காற்றைத் தொடவைப்பதுதான் அதன் பெரிய வேலை.

புதுத் தொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிறது. நான்கு கோல்ட் ஃபிஷ். இரண்டு ஏர் பம்ப் ஓடியும் மூச்சு வாங்குகின்றன. மூன்றாவது பம்ப் வாங்கலாமா?
– வாசகர், மதுரை

காசை வைத்துக்கொள்ளுங்கள். செவுள் என்ன நிறம் என்று பாருங்கள். நல்ல சிவப்பாக இல்லாமல் காபித்தூள் நிறத்துக்குப் போயிருந்தால் பிரச்சினை நைட்ரைட், மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சு. புதுத் தொட்டியில் மீன் கழிவைப் பக்குவப்படுத்தும் பாக்டீரியாக்கள் பெருக வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் சேரும் நைட்ரைட் இரத்தத்துக்குள் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை முடக்கிவிடுகிறது. சாப்பாடு இருக்கிறது, விழுங்கத் தொண்டை இல்லை என்ற கதை.

இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, மாற்றுங்கள். 10 லிட்டருக்கு 5 கிராம் வீதம் அயோடின் சேர்க்காத கல்லுப்பைத் தனியே கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும்.

வெயில் தாங்காமல் மீன்கள் மேலே வருகின்றன. ஐஸ் கட்டி போடலாமா?
– வாசகர், வேலூர்

வேண்டாம். சட்டென்று குளிர்ந்தால் அதுவே கொல்லும். மூடியைத் திறந்து, வலை போட்டுவிட்டு, மேஜை விசிறியின் காற்று நீர்மட்டத்தில் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி தானாக இறங்கும், மேற்பரப்பும் அசையும்.

ஃபைட்டர் மீனுக்கு ஏர் பம்ப்பே தேவையில்லை, பாட்டிலில் வைத்தால் போதும் என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, தஞ்சாவூர்

முதல் பாதி சரி. ஃபைட்டரும் குராமியும் வெளிக்காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை. நம் ஊர் பனையேறிக் கெண்டை இவற்றுக்குப் பங்காளி. அது ஒரு பனைமரத்தில் ஏறியிருந்ததைத் தரங்கம்பாடியில் தானே பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி, அது 1797-இல் அச்சாகி, அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். ஆனால் பாட்டிலில் அழுக்கும் அம்மோனியாவும் சேர்வதை எந்த உறுப்பும் தடுக்காது. 15 லிட்டராவது கொடுங்கள். விளிம்புவரை நிரப்பாமல் மேலே காற்றுக்கு இடம் விடுங்கள்.

போர்வெல் தண்ணீர் மாற்றிய உடனே எல்லா மீன்களும் மேலே வந்துவிடுகின்றன. குளோரின்கூட இல்லையே?
– வாசகர், கோவை

ஆழத்து நீர் பல காலம் காற்றையே பார்க்காதது. ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கும். முந்தின நாளே டிரம்மில் பிடித்து, இரவு முழுவதும் ஏர் ஸ்டோன் (பம்ப் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) போட்டுவையுங்கள். மொட்டைமாடித் தொட்டியின் உச்சிவேளைத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள், அது வெந்நீர்.

நான்கு மணி நேரம் மின்வெட்டு. இன்வெர்ட்டர் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர்

மீன் குறைவான தொட்டியென்றால் முதல் ஒரு மணி நேரம் பதற வேண்டாம். தீனி கூடாது, மூடியைத் திறந்துவையுங்கள். மீன்கள் மேலே வரத் தொடங்கினால் குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஊற்றி, அரை மணி விட்டு, மறுபடி. கை வலிக்கும், வேலை செய்யும். மீன் கடைகளில் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது. அதை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டினால் மீனும் பிழைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும்.

ஆபத்து மின்சாரம் திரும்பும்போது இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்துப்போட்டபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குவளை முறையிலேயே ஏழு ஏஞ்சல் மீன்களையும் காப்பாற்றிவிட்டேன். மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் தொட்டிக்கு வெளியே இருந்த மூடிய ஃபில்டரை அப்படியே ஓடவிட்டேன். உள்ளே அடைபட்டுச் செத்த பாக்டீரியாவும் கழிவும் கருந்தண்ணீராய் ஒரு மடக்குக் கொட்டின. சாக்கடை வாடை அறை முழுவதும். மறுநாள் மிஞ்சியவை இரண்டு. ஆகவே சில மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன ஃபில்டரைத் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓடவிடுங்கள்.

மின்சாரம் போனபோது ஏர் பம்ப் வழியாகத் தண்ணீர் இறங்கித் தரையெல்லாம் ஈரம். பம்ப் பழுதா?
– வாசகி, சேலம்

பழுதில்லை. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே ஏற்றிவையுங்கள், அல்லது குழாயின் நடுவே தண்ணீரைத் திரும்பவிடாத சிறு வால்வு ஒன்றை மாட்டுங்கள். அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும்.