மகள் கையில் கீறல்; மனநல மையமோ கடிதத்தைத் திருப்பிவிட்டது

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுவலி என்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்குப் போவதில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். போன மாதம் எங்கள் டாக்டர், குழந்தைகளுக்கான சமூக மனநல மையத்துக்குக் கடிதம் கொடுத்தார். ‘எங்கள் சேவைக்கு இப்போது பொருந்தவில்லை’ என்று பதில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, சென்ற வாரம் அவள் முன்கையில் வரிசையாகக் கீறல்களைப் பார்த்தேன். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இனி யாரிடம் போவது? மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியில் நான் முதலில் கவனித்தது தேதிகளைத்தான். கடிதம் போன மாதம் போயிருக்கிறது. கீறல் சென்ற வாரம் தெரியவந்திருக்கிறது. ஆக, மையத்தில் படித்த கடிதத்தில் கீறலே இல்லை. அவர்கள் ‘பொருந்தவில்லை’ என்றது அன்றைய நிலைமைக்கு. இனி அனுப்பப்போவது புதுத் தகவலோடு புதுக் கடிதம். அதை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். அதற்கு முன்பு இன்றே செய்யவேண்டியவை சில இருக்கின்றன.

மகளிடம் நேராகக் கேளுங்கள். எதிரில் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். சேர்ந்து நடக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேச முடிகிற நேரத்தில் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். “கையில இருக்கிறதைப் பார்த்தேன்மா. திட்டப் போறதில்லை. தாங்க முடியாம இருக்கிறப்ப அப்படிச் செய்யுறியா?” என்று ஆரம்பித்து, “செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?” என்பதையும் அதே குரலில் கேட்டுவிடுங்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவது இயல்பு. அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ‘ஆமாம்’ என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்று கேளுங்கள். ‘இனிமேல் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்பது மட்டும் வேண்டாம். சத்தியம் வாங்கினால் கீறல் நிற்காது. முன்கையிலிருந்து தொடைக்கு இடம் மாறும், உங்கள் கண்ணில் படாமல் போகும்.

பெரும்பாலான பிள்ளைகள் கீறிக்கொள்வது சாவதற்காக அல்ல, அந்த நேரத்து வேதனையைத் தணிக்கத்தான். ஆனாலும் கீறிக்கொள்ளும் பிள்ளைகளிடம் பின்னாளில் தற்கொலை முயற்சி அதிகம் என்பதால், ‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறாள்’ என்று தள்ளிவிடக் கூடாது. காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிச் சுத்தமான துணியால் மூடினால் போதும். ஆழமாக இருந்தால், வாய் பிளந்திருந்தால், ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தும், பெரியவர்களின் சுகர், பிரஷர், தூக்க மாத்திரைகள் உள்பட, பூட்டுக்குள் போகவேண்டும். வேண்டியதை அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். பூச்சிக்கொல்லி இருந்தால் வீட்டைவிட்டே வெளியேறட்டும். இந்த இடத்தில் பாராசிட்டமால் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். காய்ச்சல் மாத்திரைதானே என்று யாரும் பூட்டிவைப்பதில்லை. அதை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் முழுக்க நன்றாகவே இருப்பதுபோல் தெரியலாம். ஈரல் கெட்டது பிறகுதான் வெளியே தெரியும். அந்த நச்சை முறிக்கும் மருந்தை, விழுங்கிய முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எத்தனை விழுங்கினாள் என்று தெரியாவிட்டாலும், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவள் சொன்னாலும், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சாவதற்கு வழியும் நேரமும் யோசித்துவைத்திருப்பது, விடைபெறும் கடிதம், காதில் குரல்கள் கேட்பது, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது ஆகியவற்றுக்கும் அவசரப் பிரிவுதான். அந்த நேரத்தில் மையத்தின் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. அவளைத் தனியாகவும் விடக் கூடாது.

இனி கடிதம். மையத்தில் கடிதங்களைப் பிரிக்கிறவர் உங்கள் மகளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். ‘14 வயது, சோர்வாக இருக்கிறாள், வயிற்றுவலி, பார்த்து ஆவன செய்யவும்’ என்று மூன்று வரி வந்தால் அது பெரும்பாலும் திரும்பிவிடும். அவர் தேடுவது இரண்டு விஷயம்: ஆபத்து எவ்வளவு, அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது. டாக்டருக்கு எல்லாம் நினைவிருக்காது. அவர் உங்களைப் பார்ப்பதே பத்து நிமிடம். ஆகவே நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய், கடிதத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி:

‘கடந்த 20 பள்ளி நாட்களில் 9 நாள் போகவில்லை, போன நாட்களில் 3 முறை பாதியில் திரும்பினாள். இரவு ஒன்றரை மணிக்கு மேல்தான் தூக்கம். இரண்டு மாதத்தில் எடை 47 கிலோவிலிருந்து 44. ஆறு வாரமாகத் தோழிகள் யாரையும் பார்க்கவில்லை. இடது முன்கையில் ஏழு கீறல்கள், தையல் தேவைப்படவில்லை, பிளேடால் என்றாள். சாகத் தோன்றியிருக்கிறது, எப்படி என்று யோசித்ததில்லை என்கிறாள். பள்ளி கவுன்சலரிடம் நான்கு முறை பேசியும் மாற்றம் இல்லை.’

‘ரொம்ப’, ‘எப்போதும்’ போன்ற சொற்கள் அங்கே எடுபடாது, எண்கள் எடுபடும். குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ இருந்திருந்தால், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள். சத்தம், கூட்டம், திடீர் மாற்றம் இவற்றைச் சின்ன வயதிலிருந்தே தாங்கமாட்டாள் என்றால் அதற்கும் ஒரு வரி வேண்டும். ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் சிலர் இந்த வயதில் பள்ளிக்குப் போக மறுக்கும்போதுதான் முதன்முதலாகக் கவனத்துக்கு வருகிறார்கள். அதற்கான மதிப்பீட்டுக்குப் பல இடங்களில் தனிக் காத்திருப்பு வரிசை.

எஸ்டிக்யூ (SDQ) என்ற, பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிய கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள், தமிழிலும் இருக்கிறது. 25 வாசகங்கள்தான். பெற்றோர் ஒன்று, ஆசிரியர் ஒன்று, 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே ஒன்று நிரப்பலாம். அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் வீட்டில் பார்ப்பதையே பள்ளியிலும் பார்க்கிறார்கள் என்று மூன்று தாளும் சொன்னால் கடிதத்துக்குக் கனம் கூடும். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் அதுவும் பயனுள்ள தகவல்தான்.

மையத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். முந்தைய கடிதம் எந்தக் காரணத்தால் பொருந்தவில்லை? டாக்டர் இல்லாமல் பள்ளியோ பெற்றோரோ நேராக அனுப்பலாமா? காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் யாருக்குச் சொல்வது? பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள். எல்லா இடத்திலும் கடிதம் கட்டாயம் என்று எண்ணிக்கொள்ளவேண்டாம். ஆஸ்திரேலியாவின் ஹெட்ஸ்பேஸ் போல, 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் தாங்களே நேரில் போய்க் கேட்கக்கூடிய மையங்களும் உண்டு.

காத்திருக்கும் வாரங்களில் பள்ளிதான் பெரிய வேலை. அவளுடைய வயிற்றுவலி பொய் இல்லை. பதற்றத்தில் குடல் உண்மையாகவே வலிக்கும். விடுமுறை நாளில் வலி வருகிறதா, பள்ளி தொடங்கும் நேரம் தாண்டியதும் போய்விடுகிறதா என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். நள்ளிரவில் எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், குறைந்துகொண்டே போகும் எடை இருந்தால் மட்டும் வயிற்று டாக்டரை மறுபடி பாருங்கள். வீட்டில் தங்கிய மறுநிமிடமே பதற்றம் இறங்கிவிடுகிறது; அந்த நிம்மதிதான் அடுத்த நாளை இன்னும் கடினமாக்குகிறது. அதனால் முழு நாள் அல்லது ஒன்றுமே இல்லை என்று போகாதீர்கள். பள்ளியில் ஒரே ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, முதல் வாரம் இரண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரை, தாங்க முடியாதபோது போய் உட்கார ஓர் இடம் என்று பேசிக்கொள்ளுங்கள். நாளை எத்தனை பீரியட் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் பேரம் பேசினால் நீங்கள் தோற்பீர்கள். போகாத நாளிலும் அதே நேரத்துக்கு எழட்டும், பள்ளி நேரம் முடியும் வரை போன் வேண்டாம். பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா, தொடுகிறார்களா என்று கேட்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்படி ஒன்று இருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

மாத்திரை பயத்துக்கு வருகிறேன். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சைதான் முதலில். வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி, பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். நடுவில் வீட்டுப் பயிற்சி இருக்கும். பயிற்சியைச் செய்யாமல் அமர்வுக்கு மட்டும் போய்வந்தால் பலன் குறைவு. மனச்சோர்வு கடுமையாக இருந்தாலோ பேச்சு போதாவிட்டாலோதான் மாத்திரை. 8 வயதுக்கு மேல் மனச்சோர்வுக்கு ஒப்புதல் பெற்ற ஃப்ளூஆக்ஸிடின் பெரும்பாலும் முதல் தேர்வு. அது தூக்க மாத்திரை அல்ல, பொதுவாக மந்தமாக்காது. சிலருக்கு முதலில் படபடப்பைத்தான் தரும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த வகை மருந்துகளுக்கு 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை அச்சிடவைத்தது. குழந்தைகளிடம் நடந்த சோதனைகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரிடமும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. யாரும் உயிரிழக்கவில்லை. எனவே முதல் மாதம் வாரா வாரம் பார்க்கச் சொல்வார்கள்; அதைத் தவறவிடாதீர்கள். நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாம். மனநல மருத்துவர்தான் பார்ப்பார் என்றில்லை. உளவியலாளரோ செவிலியரோ சமூகப் பணியாளரோ இருக்கலாம். சிறிது நேரம் உங்களை வெளியே உட்காரச் சொல்வார்கள். உள்ளே பேசியதை உங்களிடம் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. இந்த விதியை முன்கூட்டியே மகளிடம் சொல்லிவையுங்கள். வர மறுக்கும் பிள்ளைகள் பலர் அம்மா முன்னால் பேசவேண்டுமே என்றுதான் மறுக்கிறார்கள். அன்று காலை அவள் கிளம்பவே இல்லை என்றாலும் நேரத்தை ரத்து செய்யாதீர்கள். வராதவர்களின் ஃபைலை மூடிவிடும் மையங்கள் உண்டு. முன்பே போன் செய்து, ‘மகள் வரவில்லை, நான் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு பக்கத் தாளோடு நீங்கள் போங்கள்.