அரிசி முறுக்கு தின்றதற்கா வயிறு வலித்தது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. போன தீபாவளிக்கு என் கணவரின் ஊரான திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். அல்வா, பூரி எதையும் தொடவிடாமல், அரிசி முறுக்கும் தட்டையும் மட்டும்தான் கொடுத்தேன். மறுநாளே வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. "முறுக்குகூட சேராதுன்னா அது என்ன நோய்? நீதான் பிள்ளைக்குப் பயங்காட்டி வச்சிருக்க" என்றார் அத்தை. நாத்தனாரோ "ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரப் போவுது" என்று அல்வாவை ஊட்டவே வந்துவிட்டார். இந்த வருடம் போகாமலேயே இருந்துவிடலாமா? போனால், இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
(ஒரு வாசகி, கோவை)

பதில்: போய் வாருங்கள். தீபாவளிக்கு ஆச்சி வீட்டுக்குப் போகாத பிள்ளை, தன் நோயால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் போவதற்கு முன் அந்த முறுக்கு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். அந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் குறைந்தது அங்கேதான்.

முதல் சந்தேகம் பெருங்காயம். கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரம் தாங்காது என்பதால் அதில் பிசினையும் மாவையும் கலந்திருப்பார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு அல்லது மைதா. தூள் என்றில்லை, கட்டியிலும் உண்டு. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும். முறுக்கு, தட்டை மட்டுமா, சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கோதுமையே இல்லாத சாப்பாடு என்று நாம் நம்பும் இலையில் பாதிக்கு மேல் அந்தச் சிட்டிகை விழுந்திருக்கும்.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அதன் மிச்சம் உங்கள் அரிசி மாவோடு வீட்டுக்கு வரும். அப்புறம் எண்ணெய்ச் சட்டி. காலையில் பூரி, பத்து மணிக்கு மைதா மேல்மாவில் தோய்த்த சுசியம், சாயங்காலம் அதே எண்ணெயில் முறுக்கு என்பதுதான் பண்டிகை வீட்டு வழக்கம். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துப்போகும் என்பார்கள். இவளுக்கு ஆகாதது கோதுமையில் இருக்கும் குளூட்டன். அது கிருமி இல்லை, புரதம். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது. எண்ணெயின் அடியில் நிற்கும் தூளும், ஜல்லிக் கரண்டியின் ஓட்டைகளில் காய்ந்திருக்கும் மாவும் போதும். ஒரு உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு துண்டு அல்வாவில் இருப்பது அந்த அளவை எங்கோ தாண்டிவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தை பேசுகிறார், நாத்தனார் பேசுகிறார், உங்கள் கணவர் ஒரு வரிகூடப் பேசவில்லை. அவர் அம்மா, அவர் அக்காவோ தங்கையோ, அவர் மகள். டாக்டர் சொன்னதை மருமகள் சொன்னால் அது மருமகளின் கண்டிப்பு. மகன் சொன்னால் பேத்தியின் நோய். இது நியாயமில்லைதான், ஆனால் நம் வீடுகள் இன்னும் அப்படித்தான் இருக்கின்றன. பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அவர் தன் அம்மாவுக்குப் போன் செய்யட்டும். பெருங்காயம், மில், எண்ணெய் மூன்றையும் அவரே சொல்லட்டும். ஊருக்குப் போய் இறங்கிய பிறகு, அடுப்படியில் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னால் அது குற்றம் கண்டுபிடிப்பதாகத்தான் கேட்கும்.

உங்கள் பங்கு, என்னென்ன கூடாது என்று பட்டியல் நீட்டாமல் இருப்பது. பட்டியல் கொடுத்தால் அத்தையிடமிருந்து அடுப்படியைப் பறிப்பது போல் ஆகும். அவர் விரதச் சமையல் செய்து பழகியவரா என்று பாருங்கள். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வரும் ஊர்ப்பக்கம், பெரும்பாலும் பழகியவராகத்தான் இருப்பார். மீன் சட்டியை ஒதுக்கி வைப்பது, கரண்டி மாறாமல் பார்ப்பது, படைக்கும் முன் யாரையும் ருசி பார்க்க விடாதது என்று அந்த ஒழுங்கெல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது. "அத்தை, சஷ்டி சமையல் மாதிரிதான், இவ சட்டில கோதுமை படக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களைவிடக் கறாராக அவர் காவல் இருப்பார். அப்புறம் சமையலறைக்குள் யாரையாவது அதட்டும் வேலையும் அவருடையது.

சமையலில் முக்கியம் வரிசைதான். பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, மில்லுக்கு அனுப்பாமல் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். உளுந்தையும் கடலைப்பருப்பையும் அப்படியே. சல்லடை புதிது வாங்குங்கள், வலைக்கண்ணில் சிக்கிய பழைய கோதுமை மாவைக் கழுவி எடுக்க முடியாது. முறுக்கு அச்சைக் கையோடு கொண்டுபோங்கள். புது எண்ணெய் ஊற்றிய சட்டியில் முதல் ஈடே மகளுடையதாக இருக்கட்டும். அதிரசம், முறுக்கு, தட்டை எல்லாம் அவளுக்குத் தனியாக ஒரு கைப்பிடி என்று செய்யாமல், வீட்டுக்கு மொத்தமாகவே இந்த மாவில் செய்துவிடுங்கள். மைதா, கோதுமைப் பலகாரங்கள் கடைசி நாள், கடைசி ஈடு. முந்திரிக்கொத்துக்கு மேல்மாவில் மைதா கலக்காமல் அரிசி மாவு மட்டும் போடச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் பாசிப்பயறும் கருப்பட்டியும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. சுத்தமான கடலைமாவில் வீட்டில் கிண்டிய மைசூர்பாகும் சரிதான். கடை மைசூர்பாகு, கடை லட்டு வேண்டாம், அங்கே பாதுஷா பொரித்த சட்டி எது என்று நமக்குத் தெரியாது. சேமியா பாயசத்துக்குப் பதில் அரிசிப் பாயசமோ பாசிப்பருப்புப் பாயசமோ வையுங்கள். குழந்தைக்குச் சத்து என்று யாராவது ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானத்தைக் கவனியுங்கள், மால்ட் பெரும்பாலும் பார்லி. அதுவும் கூடாது.

அல்வா விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கிண்டுவது. நாத்தனாருக்கு நீளமாக விளக்காதீர்கள். "இதைத் தின்னா இவ குடல் புண்ணாகும், மறுபடி ஆற மாசக்கணக்காகலாம்" என்று ஒரே வரி, அதையும் உங்கள் கணவர் சொல்லட்டும். "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று பெரியவர்கள் யாராவது ஆரம்பித்தால் நெதர்லாந்துக் கதையைச் சொல்லுங்கள். 1944-45 குளிர்காலத்தில் அங்கே போர்ப் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகித்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு அது பெரிய சான்றானது. நோய் அந்தக் காலத்திலும் இருந்தது. சோறு சாப்பிடும் நம் பக்கம் வடக்கைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

மகளைக் காவல்காரி ஆக்காதீர்கள். யார் எதை நீட்டினாலும் "அப்பாட்ட கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லப் பழக்கினால் போதும். அவள் பையில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது எப்போதும் இருக்கட்டும். சித்தப்பா பிள்ளைகள் அல்வா தின்னும்போது அவள் கையும் வெறுமையாக இருக்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் தவறி ஏதாவது வயிற்றுக்குள் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அலர்ஜி இல்லை இது. மாற்று மருந்தும் கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் கஞ்சி, இளநீர் கொடுங்கள், வாந்தியோ போக்கோ நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி வரவில்லை என்றால் ஒத்துக்கொண்டது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம், குடல் சத்தமில்லாமலும் கெடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. இந்த நோய் ரத்த சொந்தத்தில் வரக்கூடியது. நீங்களும் கணவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, மகளுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் செய்யுங்கள். பரிசோதனைக்கு முன் யாரும் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம். ஆகவே தீபாவளி முடிந்து கோவைக்குத் திரும்பியதும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.